குழந்தைகளுக்கு வாங்கித் தர, கையைக் கடிக்காத விலையில் ராக்கெட், விண்கல மாதிரிகள் எங்கே கிடைக்கும்?

உங்கள் வீட்டிலும் ஒரு வாண்டு நச்சரித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் சந்திரயான்-3 இறங்கிய 2023 ஆகஸ்ட் 23 மாலையே ஆரம்பித்துவிட்டது. பையன் அப்போது ஐந்தாம் வகுப்பு.

நானும் முதலில் ஆன்லைனில்தான் தேடினேன். சந்திரயான்-3ஐ ஏற்றிச்சென்ற 'எல்.வி.எம்.3' ராக்கெட் என்று 1,499 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. படத்தில் மேசை விளக்கு உயரம் தெரிந்தது, வந்தது 11 செ.மீ. அதுகூடப் பரவாயில்லை. பையன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இதுல நாலு பூஸ்டர் இருக்கு. எல்.வி.எம்.3க்கு ரெண்டுதானே?" என்றான். பூஸ்டர் என்றால் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் துணை ராக்கெட். நாலு உள்ளது இஸ்ரோவின் இன்னொரு ராக்கெட்டான ஜி.எஸ்.எல்.வி. மார்க்-2. திருப்பி எடுக்கச் சொன்னால், உடைந்திருந்தால் மட்டும்தான் எடுப்பார்களாம்.

அதனால், ஸ்கேல் எவ்வளவு, அதாவது அசலை எத்தனை மடங்கு சுருக்கியது என்று போடாத எதையும் வாங்காதீர்கள். 1:100 என்றால் கணக்கு சுலபம், மீட்டரெல்லாம் செ.மீ. ஆகிவிடும். எல்.வி.எம்.3இன் உயரம் 43.5 மீட்டர், ஆக மாதிரி 43.5 செ.மீ. இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அந்த விஷயம் பிடிபட்டது. ராக்கெட்டின் நடு உடம்பு 4 மீட்டர் விட்டம். பக்கத்து பூஸ்டர் 3.2 மீட்டர். மேலே விண்கலத்தை மூடியிருக்கும் தலைக்கவசம் 5 மீட்டர். நூறால் வகுத்தால் 40, 32, 50 மி.மீ. மூன்றுமே கடையில் கிடைக்கிற சாம்பல் நிற பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம்! பிளம்பரிடம் ஒண்ணேகால், ஒண்ணு, ஒண்ணரை இஞ்சு என்று கேளுங்கள். எங்களுக்கு மிச்சத் துண்டுகளைச் சும்மாவே கொடுத்தார்.

நடுக்குழாய் 33 செ.மீ., பூஸ்டர்கள் 26 செ.மீ. வெட்டி உப்புத்தாள் போட்டோம். கூம்புக்கு சார்ட் பேப்பரைச் சுருட்டி, மேலே எம்-சீல் பூசி, ஈர விரலால் தடவித் தடவி வளைவு கொண்டுவந்தோம். ராத்திரி சாப்பிடும்போதும் விரலில் அந்த வாடைதான். வெள்ளை ஸ்ப்ரே ஒரு டப்பா. அது ஒன்றுதான் செலவு.

"பைப் துண்டையெல்லாம் ராக்கெட் என்கிறாயா" என்று கேட்க இங்கே சிலர் வருவார்கள், தெரியும். 1,969 துண்டுகள் கொண்ட லெகோ சாட்டர்ன்-5, நிலவுக்கு மனிதர்களை அனுப்பிய ராக்கெட்டின் மாதிரி, அழகுதான், மறுக்கவில்லை. வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். எங்கள் குழாயில் பூஸ்டர் இரண்டுதான் இருக்கிறது, அவ்வளவுதான் சொல்வேன். நாங்கள் இருப்பது நாகர்கோவில். எல்.வி.எம்.3இன் விகாஸ் இன்ஜினைச் சோதிக்கிற இஸ்ரோ மையம் உள்ள மகேந்திரகிரிக்கு இங்கிருந்து பஸ்ஸிலேயே போய்விடலாம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு நாலு பூஸ்டரை அலமாரியில் வைக்க மனசு வரவில்லை.

இஸ்ரோவின் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டுக்கு இந்த வித்தை பலிக்காது. 1:100இல் உடம்பு 28 மி.மீ., அந்த அளவில் இந்தச் சாம்பல் நிறக் குழாய் கிடையாது. அட்டையைத்தான் சுருட்ட வேண்டும். சுற்றியுள்ள ஆறு பூஸ்டரும் 10 மி.மீ., தடித்த பேனாக்கூடு போதும்.

பெயின்ட் காய மொட்டை மாடியில் வைத்ததற்கு அபார்ட்மென்ட் செயலாளர் மேலேறி வந்து சத்தம் போட்டது தனிக் கதை. பொது இடமாம்.

சரி, கேள்விக்கு வருகிறேன். நிலவில் இறங்கும் கலமான லேண்டர் வேண்டுமென்றால் 1:100 உதவாது. சந்திரயான்-3இன் லேண்டர் விக்ரம் 2 மீட்டர் அகலம்தான், மாதிரி 2 செ.மீ. ஆகிவிடும். அதற்கு 1:10 எடுங்கள், அட்டைப்பெட்டியே போதும். வாயேஜர், காசினி மாதிரி கலங்களுக்கு நாசா வெட்டி ஒட்டும் தாள் வடிவங்களை இலவசமாகவே தருகிறது. தடித்த தாளில் கலர் பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பசையை மட்டும் குச்சியால் தொட்டுத் தொட்டு வையுங்கள், தாராளமாகத் தடவினால் தாள் நெளிந்துவிடும். எங்கள் வாயேஜரின் ஆன்டெனா இன்னும் பொரித்த அப்பளம் மாதிரிதான் இருக்கிறது.