பதில்: லைப்ரரி 4 மணிக்கே பூட்டுறாங்க, புக் வீட்டுக்கும் தர மாட்டேங்கறாங்க

பாலக்கோட்டுலேர்ந்து டெய்லி பஸ்ல போய் பிஎட் படிக்கறேன், கிளாஸ் முடியறப்பவே லைப்ரரியும் மூடிடுதுன்னு எழுதியிருந்தீங்க, நான் படிச்ச காலேஜ்லயும் இதே கூத்துதாங்க, புக் பீரோ சாவி ஒருத்தர்கிட்ட, அவரு எப்பவும் ஆபீஸ் வேலைல. மொதல்ல மதிய சாப்பாட்டு நேரத்துல திறந்து வைக்கச் சொல்லி கிளாஸே கையெழுத்து போட்டு பிரின்சிபால்கிட்ட குடுங்க, தனியா போனா வேலைக்கு ஆகாது. சைக்காலஜிக்கு இக்னோ ஓப்பன் யுனிவர்சிட்டியோட ஈஞான்கோஷ் சைட்ல பிஎட் பாடமெல்லாம் பிடிஎஃப்பா ஃப்ரீயா கெடைக்கும், 'பிஇஎஸ் 123'ங்கற பாட கோட் போட்டு தேடுங்க, ஆனா இங்கிலீஷ்ல இருக்கும், தமிழ் மீடியம்னா கொஞ்சம் மல்லுக்கட்டணும். லெசன் பிளானுக்கு ஸ்கூல் புக் தேடி அலையாதீங்க, பாடநூல் கழகம் சைட்லயே இருக்கு. அப்பறம் தர்மபுரி மாவட்ட மைய நூலகத்துல மெம்பர் ஆயிடுங்க, டெபாசிட் கொஞ்சம்தான், போறப்ப ஆதார் மறக்காம எடுத்துக்கோங்க.