தொல்லியல் படிக்க விரும்பும் மகளுக்கு எந்த இளங்கலை?

அன்புள்ள அம்மையீர்,

பிளஸ் டூ அறிவியல் பிரிவில் படிக்கும் தங்கள் மகள், மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டி மலையைப் பார்த்து வந்தது முதல் தொல்லியல்தான் படிப்பேன் என்று பிடிவாதமாக இருப்பதாகவும், பிழைப்புக்கு அது உதவுமா என்று தாங்கள் கலங்குவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தங்கள் கலக்கம் நியாயமானதே. தொல்லியல் துறைகளில் பணியிடங்கள் குறைவு, தேர்வு அறிவிப்பும் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆனால் தொல்லியல் பெரும்பாலும் முதுகலையில் தொடங்கும் படிப்பாதலால், இப்போது முடிவு செய்ய வேண்டியது இளங்கலைப் பாடத்தை மட்டுமே. தொல்லியல் கைகூடாமற்போனாலும் தனியே சோறு போடக்கூடிய பாடமாக அது இருக்க வேண்டும்.

என் பரிந்துரை, ஜியாலஜி எனப்படும் நிலவியல். 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியில், சமணர் படுக்கை, தமிழி எனப்படும் பழந்தமிழ் எழுத்தில் அமைந்த கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில் ஆகியவற்றோடு சுனைகளும் அரிய வல்லூறுகளும் இருக்கின்றன. அப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்க ஏலம், மக்கள் போராட்டத்துக்குப் பின் 2025 ஜனவரியில் ரத்தானது. இத்தகைய இடத்தைக் காப்பதற்குக் கல்வெட்டு படிப்பவர் மட்டும் போதமாட்டார். சுனைக்கு நீர் எங்கிருந்து வருகிறது என்று சொல்லக்கூடியவரும் வேண்டும்.

நிலவியல் பட்டதாரி இந்திய வனப்பணித் தேர்வை எழுதலாம். அதிலேயே முதுகலை முடித்தால் மத்திய அரசின் நிலவியலாளர் தேர்வு இருக்கிறது. பிளைஸ்டோசீன் எனப்படும் பனியுகக் காலம் பற்றிய அறிவும் இருந்தால், இந்தியத் தொல்லியல் துறை கிரேட்டர் நொய்டாவில் நடத்தும் ஈராண்டு முதுநிலைப் பட்டயப் படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். அங்கே 15 இடங்களே உள்ளன என்பதால் அதை மட்டும் நம்பியிருக்கச் சொல்லமாட்டேன். சென்னை மாநிலக் கல்லூரி, சேலம் அரசு கலைக் கல்லூரி, தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரி ஆகியவற்றில் இளங்கலை நிலவியல் இருக்கிறது.

கல்வெட்டு எழுத்துகளின் மீதுதான் தங்கள் மகளுக்கு ஆர்வமென்றால் வரலாறோ தமிழோ எடுக்கட்டும். மேற்சொன்ன பட்டயப் படிப்பின் தகுதிப் பட்டியலில் விடுபட்டிருந்த தமிழ், எதிர்ப்புக்குப் பின் 2020இல் சேர்க்கப்பட்டுவிட்டது. அவ்வழியில் வனப்பணித் தேர்வு எழுத முடியாது என்பதை மட்டும் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

சேர்க்கைக்கு முன், கல்வெட்டுப் படியெடுப்பதை அவர் ஒருமுறை உடனிருந்து பார்ப்பது நல்லது. பாறையைத் துலக்கி, நனைத்த தாளை ஒட்டி, எழுத்தின் பள்ளங்களில் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடித்து, ஈரம் முற்றிலும் உலர்வதற்குள் மை ஒற்ற வேண்டும். காற்று வீசினால் தாள் கிழிந்து மறுபடியும் முதலிலிருந்து தொடங்க நேரும். அருகிலுள்ள கல்லூரி வரலாற்றுத் துறையில் கேட்டால் களப்பணிக்குச் செல்லும் நாளைச் சொல்வார்கள். தாங்களும் உடன் சென்று, வெயிலில் அந்த வேலையைப் பார்த்த பிறகும் அவர் விருப்பம் மாறவில்லையென்றால், விண்ணப்பத்தில் நிலவியலை முதல் விருப்பமாகவும் வரலாற்றை இரண்டாவதாகவும் குறிப்பிடுங்கள்.