குவைத்தில் இருந்தவரிடம் ஈராக் போரைப் பேசுவது

கேள்வி: 2003-இல் அமெரிக்கா ஈராக்மீது படையெடுத்தது அநியாயம் என்பவன் நான். என் சகலை 1990-இல் குவைத்தில் வேலை பார்த்தவர், "சதாமை அடித்தது சரிதான்" என்பார். போன தீபாவளியன்று பேச்சு முற்றி, "நீங்க அமெரிக்காவுக்கு ஜால்ரா" என்று சொல்லிவிட்டேன். இலை போட்ட பிறகு எழுந்து போய்விட்டார். இனி அவரிடம் மரியாதையாக எப்படிப் பேசுவது?
- ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் போன் போட்டு அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள், இன்றைக்கே.

போர் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். பேரழிவு ஆயுதம் இருக்கிறது என்று சொல்லித்தான் போனார்கள். அமெரிக்கா அமைத்த ஆய்வுக் குழுவே நாடு முழுக்கத் தேடிவிட்டு, அப்படி ஒரு கையிருப்பு இல்லை என்று 2004-இல் எழுதிக் கொடுத்தது. கூடப் போருக்குப் போன பிரிட்டன் நடத்திய சில்காட் விசாரணையும் 2016-இல், அமைதி வழிகள் தீருமுன்பே போருக்குப் போய்விட்டார்கள் என்றது. மரியாதை என்ற பெயரில் இதையெல்லாம் மழுப்ப வேண்டியதில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், உங்கள் சகலை ஆயுதம் என்ற பேச்சையே எடுக்கவில்லை. நீங்கள் 2003 மார்ச்சைப் பேசுகிறீர்கள், அவர் 1990 ஆகஸ்ட் 2-ஐப் பேசுகிறார். அன்று சதாமின் படை குவைத்துக்குள் நுழைந்தது. அங்கே மாட்டிக்கொண்ட இந்தியர்களில் ஏறக்குறைய 1,70,000 பேரை விமானத்தில் அழைத்து வந்தார்கள், ஆனால் அந்த விமானத்தைப் பிடிக்கவே பெரும்பாலானோர் ஈராக் வழியாகப் பாலைவனம் தாண்டி ஜோர்டானின் அம்மான் வரை போக வேண்டியிருந்தது. எங்கள் தெருவுக்கு அப்படித் திரும்பி வந்தவர் கையில் ஒரு துணிப்பை, அதற்குள் கம்பெனி அடையாள அட்டையும் பாதிப் பொட்டலம் பேரீச்சம்பழமும். ஒன்பது வருஷச் சம்பாத்தியம் அவ்வளவுதான். அவரிடம் போய் ஜால்ரா என்று சொல்ல எனக்கு வாய் வராது.

பிரிட்டனில் ஒரே கட்சிக்குள்ளேயே இந்தச் சண்டை நடந்தது. ராபின் குக் போரை எதிர்த்து அமைச்சர் பதவியை விட்டார். 2003 மார்ச் 17-இல் விலகல் உரையில் ஈராக்கிடம் அப்படிப்பட்ட ஆயுதம் அநேகமாக இல்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னவர், அதே உரையில் பிரதமர் டோனி பிளேரின் தலைமையைப் பாராட்டினார், இதைச் சாக்காக வைத்து அவரை இறக்க நினைப்பவர்களோடு சேரமாட்டேன் என்றும் சொன்னார். அதே தொழிற்கட்சியின் எம்.பி. ஆன் க்ளூயிட் போரை ஆதரித்தார், அவர் வருஷக்கணக்காக ஈராக்கின் குர்து இன மக்களுக்காகக் குரல் கொடுத்தவர். 1988-இல் ஈராக்கின் ஹலப்ஜா ஊரில் சதாமின் விஷவாயு சுமார் 5,000 குர்துகளைக் கொன்றதே, அதை மறக்காதவர். அவர் முடிவு தவறு என்பேன், ஆனால் யாருக்கோ விலைபோனவர் என்று சொல்லமாட்டேன்.

நீங்கள் செய்யவேண்டியதும் இதுதான். ஹலப்ஜாவையும் குவைத்தையும் அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே எடுத்துப் பேசுங்கள், சதாம் கொடுங்கோலன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அப்புறம், குவைத்தை மீட்கும் போர் 1991-லேயே முடிந்துவிட்டதே, 12 வருஷம் கழித்து எதற்காகப் போனார்கள், செத்துப்போன ஈராக் ஜனங்கள் என்ன தப்பு செய்தார்கள் என்று கேளுங்கள். அவரும் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும், வயதில் மூத்தவர் என்று சலுகை வேண்டாம்.

ஆனால் அதை முதல் கேள்வியாக வைக்காதீர்கள். குவைத்திலிருந்து அம்மான் வரைக்கும் எப்படிப் போனீர்கள் என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.