இணையப் பாதுகாப்புக் குழுவை நடத்துவது: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

கோலாலம்பூரில் பதினேழு வருடமாக இந்தத் துறையில் இருக்கிறேன். அதில் ஒன்பது வருடம் குழுத் தலைவி. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

சைபர்ஜெயாவிலிருந்து ஒரு தம்பி: குழுத் தலைவராகி இரண்டு மாதம் ஆகிறது அக்கா. ஐந்து பேர். எந்த அலர்ட்டையும் (ஆபத்து இருக்கலாம் என்று கணினி தரும் எச்சரிக்கை) நானே பார்த்தால் பத்து நிமிடத்தில் முடிகிறது, அவர்களிடம் கொடுத்தால் ஒரு மணி நேரம். என்ன செய்வது?

அந்த ஒரு மணி நேரத்தைக் கொடுங்கள் தம்பி. முதல் வருடம் நானும் எல்லா அலர்ட்டையும் என்னிடமே வைத்துக்கொண்டேன். டெங்கியில் படுத்த வாரம் விளைவு தெரிந்தது. நெட்வொர்க்குக்குள் எது வரலாம் என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் ஒரு விதியை ஏன் அப்படி வைத்தேன் என்று குழுவில் யாருக்கும் தெரியவில்லை. வலது கையில் ட்ரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்க, இடது கையால் போனில் தட்டித் தட்டி விளக்கினேன்.

இப்போது இளையவர் கீபோர்டில், நான் பக்கத்து நாற்காலியில். "அடுத்து எந்த லாக்கை (கணினி எழுதி வைக்கும் பதிவை) பார்ப்பாய், ஏன்?" என்பது மட்டும்தான் என் கேள்வி. போன வருடம், சேர்ந்து நாலே மாதம் ஆன பெண் ஒருத்தி, கணக்குப் பிரிவு ஊழியரின் மின்னஞ்சலில் புதிதாக ஒரு விதி முளைத்திருப்பதைப் பார்த்தாள். 'இன்வாய்ஸ்' என்ற சொல் உள்ள கடிதமெல்லாம் யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபோல்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. நானாக இருந்தால் லாகின் எந்த நாட்டிலிருந்து என்று மட்டும் பார்த்து மூடியிருப்பேன். அது மலேசியாவிலிருந்தே வந்திருந்தது, அதனால் திருடன் உள்ளே இருப்பது எனக்குத் தெரிந்திருக்காது.

இன்னொன்று, இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: இரவு அலர்ட்டுக்கு எழுந்தவரைக் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.

கிள்ளான் வாசகர்: சிஐஎஸ்எஸ்பி (இணையப் பாதுகாப்புச் சான்றிதழ்) எடுத்தால் மேனேஜர் ஆகலாமா?

எடுங்கள், நல்லது. முழுச் சான்றிதழுக்கு ஐந்து வருட அனுபவம் வேண்டும். பட்டம் இருந்தால் ஒரு வருடம் கழியும். ஆளை நடத்துவதை அது சொல்லித் தராது.

பினாங்கு, பாயான் லெப்பாஸ் வாசகி: தொழிற்சாலை. சோதனை இயந்திரங்கள் பழைய விண்டோஸில் ஓடுகின்றன. பேட்ச் (ஓட்டையை அடைக்கும் மென்பொருள் திருத்தம்) போடக் கேட்டால் உற்பத்தித் தலைவர் விடுவதில்லை. என் குழு சோர்ந்துவிட்டது.

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. இயந்திரம் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். ஆகவே ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்று சொல்லும் பாதிப்பு எண்ணைக் காட்டிப் பேசாமல் அவருடைய கணக்கில் பேசுங்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் தயாரிப்பு நிறுவனமான டிஎஸ்எம்சியில் என்ன நடந்தது என்று சொல்லுங்கள். புதிதாக வந்த ஓர் இயந்திரத்தை வைரஸ் சோதனை செய்யாமல் நெட்வொர்க்கில் இணைத்தார்கள். கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை வைரஸின் ஒரு வகை தொழிற்சாலைகளுக்குள் பரவி உற்பத்தி நின்றது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் பேட்ச் வெளியிட்டது 2017 மார்ச்சில்.

பேட்ச் போட முடியாத இயந்திரங்களைத் தனி நெட்வொர்க்கில் பிரியுங்கள். விற்பனையாளர் கொண்டுவரும் யுஎஸ்பியும் லேப்டாப்பும் வாசலிலேயே சோதனைக்குப் போகட்டும். பராமரிப்புக்கு எப்படியும் நிறுத்தும் நாளில் உங்களுக்கு இரண்டு மணி நேரம் எழுதி வாங்குங்கள். முதல் முறை போகும்போது நீங்களும் தொழிற்சாலைக் கவுன் மாட்டிக்கொண்டு குழுவோடு உள்ளே நில்லுங்கள். தலைவி வெளியே நின்றால், திட்டு முழுவதும் அவர்களுக்குத்தான் விழும்.

ஷா ஆலாம் வாசகர்: இணையத் தாக்குதல் நடந்தால் ஆறு மணி நேரத்தில் அரசுக்கு அறிவிக்கணும் என்கிறார்களே, எல்லாருக்குமா?

இல்லை. 2024ஆம் ஆண்டு இணையப் பாதுகாப்புச் சட்டம், சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் உள்ளது. 11 துறைகளில் முக்கியத் தகவல் கட்டமைப்பு (நின்றால் நாட்டையே பாதிக்கும் கணினி அமைப்பு) என்று குறிக்கப்பட்ட அமைப்புகளுக்கு அந்த ஆறு மணி நேரம். தனிநபர் தரவு கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரம். அது 2025 ஜூன் 1 முதல், வேறு சட்டம். பயந்த குழுவில் இந்த நேரமெல்லாம் வீணாகும். ஒரு பையன் தவறான லிங்க்கைத் தட்டிவிட்டு, "திட்டுவீங்கன்னு நினைச்சேன்" என்று மறுநாள் வந்து சொன்னான். அவனைத் திட்டவில்லை. அவன் ஏன் அப்படி நினைத்தான் என்றுதான் என்னை நானே கேட்டுக்கொண்டேன்.

பூச்சோங் வாசகி: அம்மாவின் வங்கிக் கணக்கில் பணம் போய்விட்டது.

இதைப் படிப்பதை நிறுத்துங்கள். வங்கியையும் மோசடிப் புகார் எண்ணான 997-ஐயும் இப்போதே அழையுங்கள்.

செராஸ் வாசகர்: எந்தச் சான்றிதழ் முதலில்?

கிள்ளான் வாசகருக்குச் சொன்னதைப் பாருங்கள்.

பெட்டாலிங் ஜெயா வாசகர்: ஆறு பேரில் நான் ஒருவன்தான் தமிழன். மூன்று வருடமாகச் சீனப் புத்தாண்டுக்கும் ஹரி ராயாவுக்கும் நான்தான் ஆன்-கால் (அலர்ட் வந்தால் எழுந்து பார்க்க வேண்டியவன்). தீபாவளிக்கு விடுப்பு கேட்டால், "ஒரு நாள்தானே, போனைப் பக்கத்தில் வை" என்கிறார் மேனேஜர்.

அது தவறு. புத்தாண்டுக்கு இரண்டு நாள், ராயாவுக்கு இரண்டு நாள், நமக்கு ஒரே நாள் பொது விடுமுறை. ஒரு நாள் என்பதால்தான் அது முழுதாக வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது போன் அடித்தால் அந்த நாள் போச்சு. வருடத் தொடக்கத்திலேயே எல்லாப் பண்டிகையையும் ஒரே தாளில் எழுதி, யார் யாருக்கு எத்தனை நாள் கடன் என்று எல்லாரும் பார்க்க வையுங்கள்.

ஒரு மேனேஜர்: பண்டிகையில்தானே தாக்குகிறார்கள்? சிறந்த ஆளை எப்படி விடுவது?

பண்டிகையில் வருகிறார்கள், சரி. 2016 பிப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் வியாழன் இரவு போலிப் பணமாற்ற ஆணைகளை அனுப்பினார்கள். வெள்ளி டாக்காவில் விடுமுறை, சனி ஞாயிறு அந்த வங்கியின் பணம் இருந்த நியூயார்க்கில் விடுமுறை, திங்கள் மணிலாவில் சீனப் புத்தாண்டு. 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸ் போய்ச் சேர்ந்தது. பணத்தை நிறுத்தச் சொல்லிச் செய்தி போன நாளில் அங்கே வங்கிக்கு விடுமுறை. விடுமுறையில் யார், யாரை, எந்த எண்ணில் கூப்பிடுவது என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும் என்பதற்குத்தான் இது சாட்சி. ஒரே ஆளைக் கட்டிப்போட இது காரணம் ஆகாது. ஒருவர் இல்லாமல் ஓடாத குழு என்றால், அவர் வேலையை விட்ட மறுநாள் என்ன செய்வீர்கள்?

இன்னொருவர்: பண்டிகையில் வேலை பார்ப்பவருக்கு அதிகக் காசு கொடுத்தால் போச்சு.

காசு கொடுங்கள், மாற்று நாளும் கொடுங்கள். காசு மட்டும் கொடுத்தால், எப்போதும் சம்பளம் குறைந்த இளையவர்தான் ஒப்புக்கொள்வார்.

அம்பாங் வாசகர்: நாங்கள் மூன்றே பேர்.

அப்படியானால் இரவுக் கண்காணிப்பை வெளியே கொடுக்கலாம். அந்தச் சேவை தருபவருக்கு சட்டம் 854-இன்படி உரிமம் வேண்டும், கேட்டு வாங்கிப் பாருங்கள். அவர்கள் உங்களை எழுப்பினால்? மறுநாள் காலைக் கூட்டம் வேண்டாம்.

ரவாங் வாசகர்: சிஐஎஸ்எஸ்பியா, சிஐஎஸ்எம்மா?

மூன்றாவது முறை. இனி சான்றிதழ்க் கேள்வியை எடுக்கமாட்டேன்.

பெட்டாலிங் ஜெயா வாசகர், மறுபடியும்: நீங்கள் தீபாவளிக்கு ஆன்-காலா அக்கா?

இல்லை. புத்தாண்டு இரண்டு நாளும் ராயா முதல் நாளும் நான் பார்த்தேன். தீபாவளிக்கு எங்கள் குழுவின் சீனத் தங்கை பார்க்கிறாள். மறுநாள் அவளுக்கு விடுப்பு. முறுக்கு டப்பாவைப் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வாங்கி முந்தின நாளே கொடுத்துவிடுவேன்.