கல்யாண மண்டபத்தில் மட்டும் பேச்சு புரியவில்லை என்றால்

வீட்டில் அப்பாவுக்கு நன்றாகக் கேட்கிறது, காது பரிசோதனையும் சரி, ஆனால் கல்யாண மண்டபத்தில் வெறுமனே தலையாட்டுகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அவர் வேண்டுமென்று செய்யவில்லைங்க. அமைதியான அறையில் பீப் சத்தம் கேட்பது வேறு, இரைச்சலில் ஒரு குரலைப் பிரித்தெடுப்பது வேறு. 1953-லேயே காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இதை ஆராய்ந்தார். பக்கவாட்டிலிருந்து வரும் குரல் ஒரு காதுக்குச் சற்று முந்தும், ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்த வித்தியாசம், குரலின் சுருதி, உதட்டசைவு எல்லாவற்றையும் வைத்துத்தான் மூளை பிரிக்கிறது. வயதாக ஆக இது சிரமம்.

என் அம்மாவை மேளத்துக்கு முதுகுகாட்டி, சுவரோரம் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே பேசினேன். பந்தி முடியும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். இரைச்சலில் பேச்சு புரிகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு, காது மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.