காதிக் கன்ட்ரி: கேட்டவையும் சொன்னவையும்

காதிக் கன்ட்ரி (Gothic country), அதாவது சாவும் பாவமும் பயமுமாக இருட்டடைந்த அமெரிக்கக் கன்ட்ரி இசை, பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். திட்டி வந்த ஒன்றையும் விடவில்லை, ஏனென்றால் அதில் நியாயம் இருந்தது.

அண்ணே, கன்ட்ரி என்றால் எனக்குத் தெரிந்தது தொப்பி, பிக்கப் வண்டி, பீர், விட்டுப்போன காதலி. இதில் இருட்டு எங்கே வந்தது?

இருட்டுதான் தம்பி முதலில் வந்தது, பிக்கப் வண்டி அப்புறம். 1927 கோடையில் ரால்ஃப் பியர் என்ற ரெக்கார்டிங்காரர், டென்னசியும் வர்ஜீனியாவும் தொட்டுக்கொள்ளும் பிரிஸ்டல் ஊருக்கு மெஷினோடு போய் உட்கார்ந்தார். அங்கே பாட வந்தவர்களில் கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ராஜர்ஸும் உண்டு. கார்ட்டர் குடும்பத்துப் பாட்டுகளை எடுத்துப் பாருங்கள்: அநாதைப் பிள்ளை, சாகக் கிடக்கும் தாய், கல்லறை, அக்கரையில் காத்திருக்கும் வீடு. மலைக்காட்டு ஏழை ஜனங்களுக்கு அதெல்லாம் அன்றாடம். பிறகு நாஷ்வில் கன்ட்ரி இசையின் தொழில் நகரமாகி, வயலின் கூட்டத்தையும் பளபளப்பையும் சேர்த்து இதைக் கழுவித் துடைத்துவிட்டது.

1990களில், பங்க் என்ற முரட்டு ராக் இசை கேட்டு வளர்ந்த சில பேர் அந்தக் கழுவாத சரக்கைத் தேடிப் போனார்கள். பேன்ஜோ, ஃபிடில், பழைய ஆர்கன், பாண்டோனியன் என்ற துருத்தி வாத்தியம், கூடவே பங்க் இசையின் ஆவேசம், வாய் நிறைய பைபிள். இதற்குத்தான் காதிக் கன்ட்ரி, காதிக் அமெரிக்கானா என்றெல்லாம் பெயர் வைத்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் கன் கிளப் என்ற குழு 1981லேயே பங்க்கையும் பழைய ப்ளூஸையும் ஒன்றாகக் காய்ச்சிவிட்டது. அதன் முதல் ஆல்பம் ‘ஃபயர் ஆஃப் லவ்’ இவர்கள் எல்லோருக்கும் மூத்த அண்ணன்.

‘டென்வர் சவுண்ட்’ என்கிறார்கள். டென்வர் தென்மாநிலமே இல்லையே சார்?

இல்லைதான். கொலராடோவில், ராக்கி மலையடிவாரத்தில் இருக்கிற ஊர். ஆனால் இந்த இசையின் முக்கியமான ஆட்கள் பலர் அங்கே ஒரே கூட்டமாகப் புழங்கினார்கள். ‘டென்வர் ஜென்டில்மென்’ என்றொரு குழு. அதிலிருந்து கிளம்பிய டேவிட் யூஜின் எட்வர்ட்ஸ் ‘16 ஹார்ஸ்பவர்’ ஆரம்பித்தார். ஸ்லிம் செஸ்னா ‘ஆட்டோ கிளப்’ ஆரம்பித்தார், அதில் மன்லி என்ற பாடகரும் வந்து சேர்ந்தார். ஒருவர் குழுவில் இன்னொருவர் வாசிப்பார், ஒரே மேடையில் மாறி மாறி ஏறுவார்கள்.

எட்வர்ட்ஸின் தாத்தா நசரீன் சபைப் பிரசங்கியார். சாவு வீடு, ஜெபக்கூட்டம், பிரசங்கம் என்று வளர்ந்த பிள்ளை. ஆனால் 16 ஹார்ஸ்பவரில் அவரோடு நின்ற பாஸ்கல் ஹம்பெர்ட்டும் ழான்-ஈவ் தோலாவும் பிரெஞ்சுக்காரர்கள்! லாஸ் ஏஞ்சலஸில் ரோஜர் கார்மனின் ஸ்டுடியோவில் செட் போடும் வேலையில் பழக்கமானவர்கள். அமெரிக்கத் தென்பகுதியின் பேய்க்குரல் என்று உலகம் கொண்டாடிய குழுவின் இந்த மூவரில் அந்தப் பகுதி ஆள் ஒருவரும் கிடையாது. இசைக்கு ஊர்ச் சான்றிதழ் கேட்பவர்களிடம் நான் இதைத்தான் எடுத்துப் போடுவேன்.

எங்கே தொடங்கலாம்? ஒரே ஒரு ஆல்பம் சொல்லுங்கள்.

16 ஹார்ஸ்பவரின் ‘சாக்க்ளாத் அண்ட் ஆஷஸ்’, 1996. இரட்டுடுத்திச் சாம்பலில் உட்கார்வது என்று பைபிளில் வருமே, அந்தப் பெயர்தான். இரவில், ஹெட்போனில். பிடிக்கவில்லையென்றால் அடுத்ததாக 2000இல் வந்த ‘சீக்ரெட் சவுத்’ கேளுங்கள். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இந்தச் சங்கதி உங்களுக்கு இல்லை, வருத்தப்பட ஒன்றுமில்லை.

‘ட்ரூ டிடெக்டிவ்’ தொடரின் டைட்டில் பாட்டு இந்த வகையா?

ஆமாம். பாதிப் பேர் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தோம். ‘ஃபார் ஃப்ரம் எனி ரோட்’, ஹேண்ட்சம் ஃபேமிலி பாடியது. 2003இல் ‘சிங்கிங் போன்ஸ்’ ஆல்பத்தில் வந்து பத்து வருஷத்துக்கு மேல் சத்தமில்லாமல் கிடந்தது. 2014இல் தொடரின் முதல் சீசன் வந்ததும் உலகம் முழுக்கப் போய்விட்டது. தொடருக்கு இசை தேர்ந்தெடுத்தவர் டி போன் பர்னெட். 2000இல் ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?’ படத்துக்கு இசைத்தொகுப்பு செய்து, பழைய மலைப்பாட்டுக்காரர் ரால்ஃப் ஸ்டான்லி கிழவரைப் பக்கவாத்தியம் ஏதுமில்லாமல் சாவிடம் கெஞ்ச வைத்தாரே, அதே மனிதர்.

ஹேண்ட்சம் ஃபேமிலி என்பது பிரெட் ஸ்பார்க்ஸ், ரென்னி ஸ்பார்க்ஸ் என்ற தம்பதி. மனைவி வரிகள் எழுதுவார், கணவர் மெட்டமைத்துக் கனத்த குரலில் பாடுவார். என் கணக்கில், இந்த வகையில் இன்று எழுதுகிறவர்களில் ரென்னிதான் முதல் இடம். பேய், பிசாசு, நரகம் என்று இழுக்காமல், சூப்பர் மார்க்கெட்டிலும் பார்க்கிங்கிலும் அவரால் பயத்தைக் கொண்டுவர முடியும். 1998இன் ‘த்ரூ தி ட்ரீஸ்’ கேட்டுப் பாருங்கள்.

பெண்ணைக் கூட்டிப்போய் ஆற்றங்கரையில் கொல்வது, பிறகு பாடுவது. இதற்கு ரசிகர் மன்றம் வேறு. வெட்கமாக இல்லையா?

திட்டி வந்த கேள்வி இதுதான். கோபம் நியாயமானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இந்தக் கொலைப்பாட்டுகளில் பலவற்றுக்குப் பின்னால் உண்மையான பெண் இருக்கிறாள். ‘ஓமி வைஸ்’ பாட்டின் நயோமி வைஸ், வட கரோலினாவின் ராண்டால்ஃப் கவுண்டியில் 1808இல் ஆற்றில் பிணமாகக் கிடந்தவள். காதலனாக இருந்த ஜோனதன் லூயிஸ்மேல் பழி விழுந்தது. ‘டாம் டூலி’யில் சாகிறவள் லாரா ஃபாஸ்டர், 1866. அதற்காக டாம் டூலா 1868இல் தூக்கில் தொங்கினான். 1958இல் கிங்ஸ்டன் ட்ரையோ அதைப் பாடி அமெரிக்காவில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. கேட்டுப் பாருங்கள், அந்தப் பாட்டு முழுக்கத் தூக்குக்குப் போகிறவனுக்காகத்தான் இரங்குகிறது. லாரா பெயரில்லாத ஒரு பிணம்.

‘நாக்ஸ்வில் கேர்ள்’ இன்னும் மோசம். இதன் வேர் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் பாட்டு. அங்கே கொலைக்குக் காரணம் உண்டு: பெண் கர்ப்பம், கல்யாணம் செய்துகொள்ளச் சொல்கிறாள். கடல் தாண்டி அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்கு வந்து வாய்வாயாக மாறியதில் அந்தக் காரணம் உதிர்ந்துபோனது. அதனால் 1956இல் கன்ட்ரி இரட்டையர்களான லூவின் சகோதரர்கள் பாடும்போது, நல்ல பையன் ஒருவன் மாலை நடையில் திடீரென்று தடியை எடுத்து அடிக்கிறான். ஏன் என்று பாட்டில் யாரும் கேட்பதில்லை. வெட்கப்பட்டுக் காரணத்தை மறைத்தார்கள், கொலையை மட்டும் விட்டுவைத்தார்கள். அவ்வளவு இனிமையான இரட்டைக் குரலில் அது வரும்போது எனக்குக் குலை நடுங்கும். அந்த நடுக்கம் வரவேண்டும் என்றுதான் கேட்கிறேன். நடுங்காமல் கேட்கிறவனைப் பார்த்தால் எனக்கும் உங்களைப் போலவே கோபம் வரும்.

பதில் பாட்டும் பிறந்திருக்கிறது. பாடகி கில்லியன் வெல்ச் 1998இல் பாடிய ‘கேலப் மேயர்’ பாட்டில் தன்னைத் தாக்க வந்தவனை உடைந்த பாட்டிலால் ஒரு பெண் முடித்துவிடுகிறாள். மெட்டும் பாணியும் பழைய கொலைப்பாட்டேதான், கத்தி மட்டும் கை மாறியிருக்கிறது.

அண்ணே, நம்ம ஊர்க் கொலைச்சிந்து மாதிரியா இது?

பங்காளி உறவு சொல்லலாம். மலிவுத் தாளில் அச்சடித்துச் சந்தையிலும் ரயிலிலும் பாடி விற்ற நம் குஜிலிப் பதிப்புகளும், லண்டன் தெருவில் விற்ற ஒற்றைத்தாள் பாட்டுகளும் செய்தது ஒரே வியாபாரம்: பரபரப்பான கொலையை மெட்டில் போட்டுக் காசாக்குவது. 1952இன் ஆளவந்தார் கொலைக்குக்கூடச் சிந்து உண்டே. ஆனால் அப்பலாச்சிய மலைப்பாட்டுகள் பலவற்றில் கொலைகாரனே ‘நான்’ என்று பாடுகிறான். சேதி சொல்கிறவனுக்கும் வாக்குமூலம் கொடுக்கிறவனுக்கும் உள்ள தூரம் அது. ஒன்றிலிருந்து மற்றது வந்ததில்லை. யாராவது அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

நான் நாத்திகன். இவ்வளவு ஏசுவை எப்படித் தாங்குவது?

நானும் கோயில் பக்கம் போகாதவன்தான். ஆனால் இந்த இசையிலிருந்து கடவுளை எடுத்துவிட்டால் மீதி இருப்பது உடுப்பு மட்டுமே. இதில் வரும் கடவுள் ஆறுதல் சொல்பவர் கிடையாது. எட்வர்ட்ஸ் பாடும்போது யாரோ முதுகுக்குப் பின்னால் நின்று கணக்கெழுதுகிற மாதிரி இருக்கும். அந்தப் பயத்தை நம்ப வேண்டாம், அவர் நம்புகிறார் என்பது காதில் விழுந்தால் போதும்.

லூவின் சகோதரர்களையே எடுங்கள். அலபாமாவில் ‘சேக்ரட் ஹார்ப்’ கூட்டுப்பாடல் நடுவே வளர்ந்தவர்கள். 1959இல் ‘சாத்தான் நிஜம்’ என்று ஆல்பம் போட்டு, 12 அடி உயர ஒட்டுப்பலகைச் சாத்தானை நிற்கவைத்து, மண்ணெண்ணெயில் நனைத்த டயர்களைக் கொளுத்தி, வெள்ளைக் கோட்டு போட்டு அட்டைப்படத்துக்கு நின்றார்கள். இன்றைக்கு அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்கள். அண்ணன் ஐரா பிரசங்கியாராகப் போயிருக்க வேண்டியவன் நான் என்ற குற்ற உணர்வோடே குடித்துக் குடித்து மாண்டலினை மேடையில் உடைத்தவர். 1965இல் கார் விபத்தில் போனார். இதையெல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி கேளுங்கள், சிரிப்பு வராது.

ஜானி கேஷ் இந்தக் கணக்கில் வருவாரா?

பாதி வருவார். 1994இன் ‘அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்’ கண்டிப்பாக. அதன் முதல் பாட்டில் சாகும் டீலியா, 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் சவானாவில் சுடப்பட்ட 14 வயதுச் சிறுமி டீலியா கிரீன். எல்லோரும் சொல்லும் ‘ஹர்ட்’ நல்ல பாட்டுதான், ஆனால் அது இன்னொருவர் எழுதிய வலியை ஒரு கிழவர் தன்னுடையதாக்கிக்கொண்ட கதை.

பேன்ஜோ வாங்கியிருக்கிறேன். அந்த அழுகிற சத்தம் எப்படி வரும்?

ஐந்து தந்தி பேன்ஜோதானே? நான்கு தந்தி என்றால் மாற்றிவிடுங்கள். ஐந்தாவது குட்டைத் தந்தி சுருதி மாதிரி விடாமல் ஒலிக்க வேண்டும், அதுதான் உயிர். வழக்கமான ஜி ட்யூனிங்கில் (ஜி-டி-ஜி-பி-டி) இரண்டாவது தந்தியை மட்டும் அரை ஸ்வரம் ஏற்றி சி-க்குக் கொண்டுபோங்கள். ஜி-டி-ஜி-சி-டி. இதை ‘சாமில்’ ட்யூனிங் என்பார்கள். மேஜரா மைனரா என்று காட்டிக்கொடுக்கும் ஸ்வரம் திறந்த தந்திகளில் இல்லாமல் போகிறது, அதனால்தான் அந்தரத்தில் தொங்குகிற உணர்வு. தந்தியை மெதுவாக முறுக்குங்கள், அறுந்தால் கண்ணில் அடிக்கும்.

பிறகு டாக் பாக்ஸைக் கேளுங்கள். வர்ஜீனியாவின் நார்ட்டன் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி. 1927இல் நியூயார்க் போய் பிரன்ஸ்விக் கம்பெனிக்குப் பாடினார். பிறகு இசையை விட்டு, பேன்ஜோவை அடகு வைத்து, மீண்டும் சுரங்கம். 1963இல் பழைய பாட்டுகளைச் சேகரித்துவந்த மைக் சீகர் தேடிப் போய்க் கண்டுபிடித்தார். அவர் பாடிய ‘ப்ரெட்டி பாலி’யில் பெண் வருவதற்கு முந்தின இரவே அவன் குழியை வெட்டிவைத்துவிடுகிறான். பாக்ஸ் அதைச் சொல்லும் குரலில் நாடகமே இருக்காது.

இது வெள்ளைக்காரர்களின் இசை மட்டும்தானே?

நீங்கள் கையில் வைத்திருக்கும் பேன்ஜோவே அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. டாக் பாக்ஸ் கறுப்பின வாசிப்பாளர்களைப் பார்த்துக் கற்றார். கார்ட்டர் குடும்பத்துக்காகப் பாட்டு சேகரிக்க ஏ. பி. கார்ட்டரோடு ஊர் ஊராக அலைந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். ஆனால் ரெக்கார்டு கம்பெனிகள் விற்பனைக்காக இரண்டு அலமாரி போட்டுப் பிரித்துவிட்டன, அந்தப் பிரிவு இன்னும் நிற்கிறது.

உண்மையான இருட்டு வேண்டுமென்றால் கறுப்பினப் பாடகி ரியானன் கிடன்ஸ் 2017இல் வெளியிட்ட ‘அட் தி பர்ச்சேசர்ஸ் ஆப்ஷன்’ கேளுங்கள். இளம் அடிமைப் பெண் விற்பனைக்கு, கைக்குழந்தையை வாங்குபவர் விருப்பம்போல் சேர்த்தும் எடுக்கலாம், விட்டும் எடுக்கலாம் என்ற பழைய விளம்பரத்திலிருந்து பிறந்த பாட்டு. அதற்குப் பக்கத்தில் மண்டையோட்டுச் சட்டை போட்ட குழுக்கள் எல்லாம் பள்ளி ஆண்டுவிழா.

எது அசல், எது வேஷம்? எப்படிக் கண்டுபிடிப்பது?

கறுப்புக் கோட்டு, காக்கை, சவப்பெட்டி, விஸ்கி, பிசாசு இந்த ஐந்தும் ஒரே பாட்டில் வந்தால் அடுத்ததுக்குப் போய்விடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: பாடுகிறவன் எதற்காவது பயப்படுகிறானா? கேட்பவனைப் பயமுறுத்த மட்டும் பார்க்கிறானா?

அதற்காக மிகைப்படுத்துவதே தப்பு என்று சொல்லவில்லை. விஸ்கான்சினின் ‘தோஸ் புவர் பாஸ்டர்ட்ஸ்’ முழுக்க முழுக்கக் கூத்து, லோன்சம் வயட் என்ற பெயரே ஒப்பனை. ஆனாலும் அந்த ஓலத்துக்குள் தன்னைத் தானே வெறுக்கிற ஒருவன் இருக்கிறான். அவர்களின் ‘பில்ஸ் ஐ டுக்’ பாட்டை 2006இல் கன்ட்ரி ஜாம்பவான் ஹாங்க் வில்லியம்ஸின் பேரன் ஹாங்க் 3 எடுத்துப் பாடியது சும்மா இல்லை.

எப்போதும் சோகமாகவே இருந்தால் மனசு கெட்டுவிடாதா?

ஸ்லிம் செஸ்னா ஆட்டோ கிளப்பின் மேடை வீடியோ ஒன்று பாருங்கள். நரகத்தைப் பற்றிப் பாடிக்கொண்டே ஸ்லிமும் மன்லியும் கூட்டத்தைக் குதிக்க வைப்பார்கள், பெந்தெகொஸ்தே கூட்டமும் பங்க் கச்சேரியும் ஒன்றாக நடப்பது போல. இவர்கள் ஆல்பங்கள் பலவற்றை வெளியிட்டது பங்க் பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவின் ஆல்டர்நேட்டிவ் டென்டக்கிள்ஸ் கம்பெனி. ‘சைஃபர்’, 2008, வியர்க்க விறுவிறுக்கக் கேட்க வேண்டிய ஆல்பம்.

எட்வர்ட்ஸ் இப்போது என்ன செய்கிறார்?

16 ஹார்ஸ்பவர் 2005இல் கலைந்தது. அதற்கு முன்பே, 2002இல், வோவன்ஹாண்ட் என்ற பெயரில் முதல் ஆல்பம் போட்டுவிட்டார். ஆரம்பத்தில் அடக்கமான நாட்டுப்புற ஜெபம், போகப் போக இரைச்சலான ராக். பேன்ஜோ ரசிகர்கள் பாதியில் கழன்றுகொண்டார்கள், நான் கழலவில்லை. 2023இல் ‘ஹயசின்த்’ என்று தன் சொந்தப் பெயரில் முதல் தனி ஆல்பம் கொடுத்தார். முதல் சுற்றில் ஒன்றும் பிடிபடாது. பழைய ரசிகர் யாராவது ‘இது கன்ட்ரியே இல்லை’ என்று சொல்லும் முன் இரண்டாவது சுற்றையும் கேட்டுவிடுங்கள்.