ஜெர்மன் வெள்ளரி ஊறுகாய்: எந்த பாட்டிலை வாங்குவது?

கேள்வி: படிப்புக்காக பெர்லின் வந்து நான்கு மாதமாகிறது. சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளரி ஊறுகாயே ஒரு அலமாரி முழுக்க இருக்கிறது. ஒன்றை வாங்கிப் பார்த்தேன். இனிக்கிறது, காரமே இல்லை. இதை எதோடு சாப்பிடுவார்கள்? எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: நம் ஊறுகாயை மனதில் வைத்து வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஜெர்மானியர்களுக்கு அது தொட்டுக்கொள்ள அல்ல, கடித்துச் சாப்பிட. இரவில் அடுப்பு மூட்டாமல் ரொட்டி, வெண்ணெய், சீஸ், ஈரல் சாசேஜ் என்று முடித்துக்கொள்ளும் 'ஆபென்ட்ப்ரோட்' சாப்பாட்டில் அதுதான் பக்கத்துணை.

நீங்கள் வாங்கியது 'கெவுர்ட்ஸ்குர்க்கன்' ஆக இருக்கும். வினிகர், சர்க்கரை, கடுகு, சதகுப்பை சேர்த்தது. சமையலுக்கு இதுவே சரி. 'ரூலாடன்' செய்ய, மெல்லிய மாட்டிறைச்சித் துண்டில் கடுகு விழுதைத் தடவி, உப்பிட்ட பன்றி இறைச்சிக் கீற்று, வெங்காயம், நீளவாக்கில் நறுக்கிய இந்த வெள்ளரி எல்லாம் வைத்துச் சுருட்டி, நிதானமாக வேகவிடுவார்கள். வெள்ளரியின் புளிப்பு குழம்பிலும் இறங்கும். அது இல்லாத ரூலாடன் எனக்குச் சப்பென்றுதான் இருக்கிறது. ஹம்பர்க் பக்கம், உப்பிட்ட மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து மசித்த 'லாப்ஸ்கவுஸ்' தட்டிலும் வெள்ளரி கட்டாயம் உண்டு.

இனிப்பு பிடிக்காவிட்டால் 'சால்ஸ்குர்க்கன்' கேளுங்கள். வினிகர் இல்லாமல், உப்புத் தண்ணீரில் தானாகப் புளித்தது. தயிருக்குப் புளிப்பு தரும் அதே லாக்டிக் அமிலம்தான் இதிலும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் கெட்டுப்போனதென்று நினைக்க வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான். பெர்லினுக்குத் தெற்கே உள்ள ஷ்ப்ரேவால்ட் இதற்குப் பேர்போன இடம். 'ஷ்ப்ரேவால்டர் குர்க்கன்' என்ற பெயருக்கு 1999 முதல் ஐரோப்பிய ஒன்றியப் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. நீலமும் மஞ்சளுமான வட்ட முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.

விலை விஷயத்தில் ஒன்று. 720 மில்லி பாட்டிலில் மொத்தம் 670 கிராம் என்று போட்டிருந்தாலும், தண்ணீரை வடித்தால் காய் சுமார் 360 கிராம்தான். 'அப்ட்ரோப்ஃப்கெவிக்ட்' என்று அச்சிட்டிருக்கும் எடை அதுதான். அலமாரிச் சீட்டில் உள்ள கிலோ விலையை இந்த வடித்த எடைக்குத்தான் கணக்கிட வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். அந்த விலைகளையே ஒப்பிடுங்கள். சில பாட்டில்களில் இருப்பது நம் பக்கத்துக் காயாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் ஒப்பந்த முறையில் 'கெர்கின்' என்ற ஊறுகாய் வெள்ளரியை விளைவித்து ஐரோப்பாவுக்கு அனுப்புகிறார்கள்.

வாங்கியதை வீணாக்க வேண்டாம். வேகவைத்த உருளைக்கிழங்கு, வெங்காயம், மயோனைஸோடு பொடியாக நறுக்கிச் சேர்த்து, பாட்டில் தண்ணீர் இரண்டு கரண்டி விடுங்கள். பெர்லின் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு சாசேஜோடு சாப்பிடும் சாலட் இதுதான்.